கத்தி பட்டால் பரவுமா?

ஆரணியின் தறித் தெருக்களில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டால், முதல் யோசனை பெரும்பாலும் மருத்துவரிடமிருந்து வருவதில்லை. “கத்தி வெச்சா பரவிடும், பேசாம இரு” என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்வார்கள். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்கும் இதே பேச்சுதான். சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆபரேஷன் ஆகி ஓராண்டுக்குள் நோய் திரும்பி இறந்துபோன ஒரு சொந்தக்காரரை அவர் பார்த்திருப்பார். இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறார். கேட்கிற பெண்ணுக்கும் அது வசதியாக இருக்கிறது. இந்தப் பாவு முடியட்டும், கல்யாண சீசன் முடியட்டும், தீபாவளி கழியட்டும் என்று நாள் ஓடுகிறது. வேலூர் நாற்பது கிலோமீட்டர்தான். போய்ச்சேர மாதங்கள் ஆகின்றன.

இந்த அச்சம் ஆரணிக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாடு முழுக்க உண்டு. வேறு பல நாடுகளிலும் உண்டு. இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிற மருத்துவர்களை எனக்குத் தெரியும். அப்படித் தள்ளுவது சரியல்ல என்பது என் எண்ணம். ஏனென்றால், அறுவை சிகிச்சை உடலின் நோய் எதிர்ப்பாற்றலைச் சில நாள்களுக்குத் தாழ்த்துகிறது என்பதும், அந்தச் சில நாள்களில் மிஞ்சிய புற்றணுக்கள் தப்பிப் பிழைக்கக்கூடும் என்பதும் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தீவிரமாகத் துருவிவரும் விஷயங்கள். எப்படி அறுப்பது, எந்த மயக்க மருந்து கொடுப்பது, வலியை எதைக் கொண்டு தணிப்பது என்ற மூன்று கேள்விகளும் இதிலிருந்தே கிளைத்தன. மூன்றுக்கும் இன்று ஓரளவு விடை உண்டு. மிகக் கவனிக்கத்தக்க விடைகளில் ஒன்று மும்பையிலிருந்து வந்தது.

முதலில் உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். கத்தி தோலைத் தொட்டதும் உடல் அதை ஒரு காயமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. மருத்துவரின் நல்லெண்ணம் அதற்குத் தெரியாது. மூளையிலிருந்து கட்டளை இறங்கி அட்ரினலினும் கார்ட்டிசாலும் ரத்தத்தில் ஏறுகின்றன. வெட்டுப்பட்ட சதையிலிருந்து புரோஸ்டாகிளாண்டின்கள் கசிகின்றன. காயத்தை ஆற்றத் தேவையான இதே பொருள்கள், புற்றணுக்களை வேட்டையாடும் வெள்ளணுக்களைச் சோர்வடையச் செய்கின்றன. அவற்றில் முக்கியமானவை இயற்கைக் கொல்லி அணுக்கள். 1970-களின் நடுவில் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் இவை அடையாளம் காணப்பட்டன. முன்பின் அறிமுகம் இல்லாமலே, பிறழ்ந்த அணுவைக் கண்ட மாத்திரத்தில் கொல்லக்கூடியவை என்பதால் இந்தப் பெயர். பெரிய அறுவைக்குப் பிந்தைய முதல் மூன்று நாள்களில் இவற்றின் கொல்லும் திறன் வெகுவாகக் குறைகிறது. பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகலாம். அதே வேளையில் கட்டியைக் கையாளும்போது சில புற்றணுக்கள் ரத்தத்தில் கலப்பதும், புண் ஆறுவதற்காகப் புதிய ரத்தக் குழாய்கள் முளைப்பதும் சேர்ந்து நடக்கின்றன.

ஆனால் ரத்தத்தில் கலந்த புற்றணுக்களில் மிக மிகச் சிலவே எங்காவது ஒட்டி வளர்கின்றன, மற்றவை மடிந்துபோகின்றன. லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அலசி 1889-ல் ஒரு கருத்தைச் சொன்னார்: விதை எங்கும் விழும், ஒத்துவரும் மண்ணில்தான் முளைக்கும். அறுவைக்குப் பிந்தைய நாள்களில் அந்த மண் சற்றே பதப்படுகிறது என்பதுதான் இன்றைய கவலை. விதையை விதைத்தது கத்தியல்ல. கட்டி வளர்ந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும், யாரும் கை வைக்காமலே, விதை விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

இந்தக் கவலைக்கு ஆதாரம் முதலில் எலிகளிடமிருந்து வந்தது. இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷமீர் பென்-எலியாகு தம் சகாக்களோடு பல ஆண்டுகள் இந்தச் சோதனைகளைச் செய்தார். எலியின் வயிற்றைக் கீறித் தைத்துவிட்டு ரத்தத்தில் புற்றணுக்களைச் செலுத்தினால், கீறாத எலியைவிட நுரையீரலில் கட்டிகள் அதிகம். 1993-ல் அவரும் கேல் பேஜும் வெளியிட்ட ஆய்வு ஒரு படி மேலே போனது. அறுக்கப்பட்ட எலிகளுக்கு மார்ஃபின் கொடுத்து வலியைத் தணித்தபோது அந்தப் பரவல் குறைந்தது. அதாவது வெட்டு மட்டும் கேடு செய்யவில்லை, தணிக்கப்படாத வலியும் சேர்ந்தே கேடு செய்திருக்கிறது. வலி என்பது பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்று வளர்க்கப்பட்ட நம் பெண்களுக்கு, வேறு எந்த எலிச் சோதனையையும்விட இதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

எலியில் கண்டது மனிதரில் நிற்குமா என்பதுதான் அதன் பிறகான முப்பது ஆண்டுக் கதை. அறுக்கும் முறையிலிருந்து தொடங்குகிறேன்; அதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குள் முடிச்சுகளையும் ஒட்டுமொத்தமாக வெட்டி எடுத்தார். அதிகம் வெட்டினால் அதிகம் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கை எழுபது, எண்பது ஆண்டுகள் கோலோச்சியது. அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் அதைக் கேள்விக்குள்ளாக்கினார். 1971-ல் தொடங்கிய அவரது குழுவின் ஆய்வு, தசையை விட்டுவிட்டு மார்பகத்தை மட்டும் எடுத்தாலும் உயிர் பிழைக்கும் வீதம் மாறவில்லை என்று காட்டியது. 25 ஆண்டுகள் கழித்து 2002-ல் வெளியான இறுதி முடிவிலும் அதே விடை. பரவுவதும் பரவாததும் எவ்வளவு அகலமாக வெட்டினோம் என்பதைவிட, அந்தப் புற்றின் குணத்தையும் அதைத் தாங்கும் உடலையும் பொறுத்தது என்ற எண்ணம் அங்கிருந்துதான் வேரூன்றியது.

அறுக்கும்போது கட்டியை அமுக்காமல், முதலில் ரத்தக் குழாய்களைக் கட்டிவிட்டுப் பிறகு கை வைத்தால் அணுக்கள் சிதறா என்று கிளீவ்லண்டின் ரூபர்ட் டர்ன்புல் 1967-ல் பெருங்குடல் புற்றுக்கு ஒரு முறை சொன்னார். கேட்கும்போதே சரியென்று படுகிற யோசனை. நெதர்லாந்திலும் பின்னர் ஜப்பானிலும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தபோது நிச்சயமான பலன் எதுவும் தெரியவில்லை. மாறாக, இங்கிலாந்தின் பில் ஹீல்ட் 1982-ல் விளக்கிய மலக்குடல் அறுவை முறை உலகையே மாற்றியது. மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழிக்காமல், அதன் இயல்பான விளிம்பு வழியே பொறுமையாகப் பிரித்து முழுதாக எடுப்பதுதான் அந்த முறை. அதே இடத்தில் நோய் திரும்புவது பெருமளவு குறைந்தது. இதில் நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய கோட்பாடு எதுவும் இல்லை. தேர்ந்த கை மட்டுமே இருக்கிறது.

பிறகு நுண்துளை அறுவை, அதாவது லேப்ராஸ்கோப்பி வந்தது. சிறு துளைகள், குறைந்த காயம், குறைந்த வலி. ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்களும் குறைவாகவே ஏறுகின்றன. ஆகவே எதிர்ப்பாற்றல் காக்கப்படும், நோயும் திரும்பாது என்று பலரும் நம்பினார்கள். 2002-ல் பார்சிலோனாவிலிருந்து 219 பெருங்குடல் நோயாளிகளிடம் செய்த ஆய்வு அந்த நம்பிக்கைக்கு வலுவூட்டியது. இரண்டே ஆண்டில், 872 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வு இரண்டு முறைகளும் சமம் என்றது. சீக்கிரம் எழுந்து நடக்கலாம், சீக்கிரம் வீடு திரும்பலாம். நோய் திரும்புவதில் வேறுபாடு இல்லை.

அடுத்து வந்ததுதான் பேரதிர்ச்சி. தமிழ்நாட்டுப் பெண்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ளதும் அதுவே. கருப்பை வாய்ப் புற்றில் தொடக்க நிலையில் கருப்பையை அகற்றும் பெரிய அறுவையை நுண்துளை வழியாகவும் ரோபோ வழியாகவும் செய்வது 2018 வரை முன்னேற்றத்தின் அடையாளமாக இருந்தது. அந்த ஆண்டு பெட்ரோ ராமிரெஸ் தலைமையிலான பன்னாட்டு ஆய்வு 631 பெண்களின் முடிவை வெளியிட்டது. வயிற்றைத் திறந்து அறுத்தவர்களில் நாலரை ஆண்டுக்குப் பின் 96.5 விழுக்காட்டினர் நோயின்றி இருந்தார்கள். துளை வழியே அறுத்தவர்களில் 86 விழுக்காடு மட்டுமே. காயம் சிறிது, வலி குறைவு, ஆனாலும் நோய் அதிகம் திரும்பியது. கருப்பையைத் திருப்பிப் பிடிக்கச் செருகும் கருவியும், வயிற்றில் நிரப்பும் வாயுவும், கட்டி வயிற்றறைக்குள் வெளிப்படுவதும் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. எதிர்ப்பாற்றல் குறைவாகப் பாதிக்கப்படுகிறது என்பதற்காகவே ஒரு முறையைச் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. கருப்பை வாய்ப் புற்றுக்கு “தழும்பே தெரியாது” என்று விளம்பரம் செய்யும் இடத்தில் இந்த ஆய்வைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது நோயாளியின் உரிமை.

இரண்டாவது கேள்வி மயக்க மருந்து.

டப்ளினிலிருந்து 2006-ல் ஒரு சிறு ஆய்வு வந்தது. மார்பக அறுவைக்கு முழு மயக்கத்தோடு முதுகெலும்பின் பக்கவாட்டில் நரம்புத் தடை ஊசியும் போட்ட பெண்களையும், ஊசி இல்லாமல் மார்ஃபினை நம்பியவர்களையும் பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்து ஒப்பிட்டார்கள். மொத்தம் 129 பேர். மூன்று ஆண்டுக்குப் பிறகு நோய் திரும்பாதவர்கள் ஊசி போட்டவர்களில் 94 விழுக்காடு, மற்றவர்களில் 77. மயக்கவியல் உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. நரம்பைத் தடுத்தால் வலிச் செய்தி மூளைக்குப் போகாது, அட்ரினலின் ஏறாது, மார்ஃபினும் குறைவாகப் போதும், கொல்லி அணுக்கள் விழித்திருக்கும் என்று விளக்கம் அழகாகப் பொருந்தியது.

ஆனால் பதிவேட்டு ஆய்வில் யாருக்கு ஊசி போடுவது என்று தீர்மானித்தவர் மருத்துவர். குலுக்கல் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கிளீவ்லண்டின் டேனியல் செஸ்லர் அதைச் செய்ய முன்வந்தார். எட்டு நாடுகளின் 13 மருத்துவமனைகள், 2,132 பெண்கள். பல ஆண்டு உழைப்பின் முடிவு 2019-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. நோய் திரும்பியது இரு பிரிவிலும் பத்து விழுக்காடு. வேறுபாடே இல்லை. வயிற்று அறுவைக்கு முதுகில் மெல்லிய குழாய் வைத்து மரக்கச் செய்யும் எபிடியூரலைப் பற்றிச் சீனாவில் 1,700-க்கும் மேற்பட்ட முதியோரிடம் செய்த ஆய்வும் 2021-ல் அதையே சொன்னது.

மயக்க வாயுவா, நரம்பு வழியே ஏற்றும் புரோப்போஃபாலா என்ற சண்டையும் இதே பாதையில்தான் போனது. லண்டனின் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனை 2016-ல் 7,000-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளைப் பார்த்து, வாயு பெற்றவர்களில் இறப்பு கூடுதல் என்றது. ஸ்வீடன் முன்னின்று நடத்திய குலுக்கல் ஆய்வில் மார்பகப் புற்று நோயாளிகளை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தபோது, 2023-ல் தெரிந்தது இரண்டும் ஒன்றே என்பதுதான். புரோப்போஃபால் வசதி இல்லாத ஊர் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டதால் உயிருக்கு ஊறு வந்துவிடுமோ என்று யாரும் வருந்தத் தேவையில்லை.

இத்தனை பெரிய ஆய்வுகள் எதிர்மறையாக முடிந்ததில் ஒரு செய்தி இருக்கிறது. கொல்லி அணுக்கள் சில நாள் சோர்வது உண்மை. ஆய்வுக்கூடக் குழாயில் அதை அளக்கவும் முடியும். மயக்க முறையை மாற்றி அந்தச் சோர்வைச் சற்றுக் குறைப்பதால் மட்டும் நோயாளியின் ஆயுள் மாறிவிடுவதில்லை. ரத்தப் பரிசோதனையில் ஓர் எண் ஏறியதை வைத்துச் சிகிச்சையை விற்பவர்கள் இந்த இடைவெளியைத்தான் மறைக்கிறார்கள். ‘எதிர்ப்புச் சக்தி கூட்டும்’ டானிக்குகளும் பொடிகளும் புற்று நோயாளிகளின் வீடுகளில் குவிவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்தப் பணம் முட்டைக்கும் பருப்புக்கும் வேலூருக்குப் போகும் பஸ்ஸுக்கும் உரியது.

மூன்றாவதாக வலி நிவாரணம். இங்கே மார்ஃபின் மீது ஒரு பழி விழுந்தது. மார்ஃபின் கட்டிகளில் ரத்தக் குழாய் முளைப்பதைத் தூண்டுகிறது என்று 2002-ல் மின்னசோட்டாவில் எலிகளிடம் கண்டார்கள். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு அதே மார்ஃபின் எலிகளைக் காப்பாற்றியதாக வந்த ஆய்வை மேலே சொன்னேன். இரண்டும் பொய்யல்ல. மருந்தின் அளவு, கொடுத்த காலம், வலி இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. மனிதர்களைப் பற்றி நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் 2021-ல் வெளியிட்டது எதிர்பார்ப்புக்கு மாறானது. மூன்று ஏற்பிகளும் இல்லாத கடுமையான வகை மார்பகப் புற்றுள்ள 1,143 பெண்களில், அறுவையின்போது மார்ஃபின் வகை மருந்து கூடுதலாகப் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. இதுவும் பதிவேட்டு ஆய்வுதான். இதை வைத்து மார்ஃபினை அமுதம் என்று சொல்லவில்லை. பயந்து விலக்கக் காரணம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தியா அபினி விளைவிக்கும் நாடு. நீமுச்சிலும் காசிப்பூரிலும் அரசின் ஆலைகள் இருக்கின்றன. ஆனால் 1985-ன் போதைப்பொருள் சட்டத்திற்குப் பிறகு, உரிமங்களின் சிக்கலுக்கு அஞ்சி மருத்துவமனைகளும் மருந்துக்கடைகளும் மார்ஃபினை வைத்திருப்பதையே கைவிட்டன. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதை எழுதிக் கொடுக்கவே பழகவில்லை. திருவனந்தபுரத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவர் 2003-ல் தொடங்கிய பேலியம் இந்தியா அமைப்பும் விடாது போராடியதன் பயனாக 2014-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. விதி இலகுவானாலும் பழக்கம் இலகுவில் மாறவில்லை. “மார்ஃபின் குடுத்தா எதிர்ப்புச் சக்தி போயிடும்” என்று ஆய்வுகளை அரைகுறையாகப் படித்துவிட்டு யாராவது சொன்னால், முதலில் பலியாவது நோயாளியின் தூக்கம்.

அழற்சி தணிக்கும் வலி மருந்துகளிலும் ஏமாற்றம் உண்டு. கீட்டோரோலாக் ஊசி பெற்ற பெண்களுக்கு நோய் குறைவாகத் திரும்பியதாக 2010-ல் பெல்ஜியத்திலிருந்து பதிவேட்டு ஆய்வு வந்தது. பிறகு அதே பாட்ரிஸ் ஃபோர்ஜே செய்த குலுக்கல் ஆய்வில் அந்தப் பலன் தென்படவில்லை. பென்-எலியாகு குழு, அட்ரினலினைத் தடுக்கும் புரோபிரனலாலையும் ஓர் அழற்சி மருந்தையும் அறுவைக்கு முன்னும் பின்னுமாகப் பதினோரு நாள் கொடுத்து 38 பெண்களிடம் சோதித்தது. 2017-ல் வந்த முடிவில் கட்டியின் பரவும் தன்மைக்கான அடையாளங்கள் குறைந்தன. எலியில் தொடங்கிய எண்ணம் இன்னும் உயிரோடு இருப்பது இந்த ஒரு கிளையில்தான். ஆயுள் கூடுகிறதா என்று சொல்ல 38 பேர் போதாது.

பெருங்கோட்பாடுகளின் நிழலில் மறைந்துபோகும் சில எளிய விஷயங்களுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். ஆபரேஷன் தியேட்டரின் குளிரில் உடல் வெப்பம் இரண்டு டிகிரி குறைந்தாலே வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. 1996-ல் ஆந்த்ரேயா கர்ட்ஸ் 200 குடல் அறுவை நோயாளிகளிடம் காட்டியது இது: உடல் குளிர்ந்தவர்களில் 19 விழுக்காட்டினருக்குப் புண் சீழ் பிடித்தது, கதகதப்பாக வைக்கப்பட்டவர்களில் 6 விழுக்காட்டினருக்கு. புண் சீழ் பிடித்தால் கீமோ தள்ளிப்போகும். ரத்தம் ஏற்றுவதும் அப்படியே. பிறர் ரத்தம் எதிர்ப்பாற்றலை அடக்கும், குடல் புற்று திரும்புவதைக் கூட்டும் என்று 1980-களின் தொடக்கத்திலிருந்தே சந்தேகம். ரத்தம் தேவைப்படும் அளவுக்கு நோயாளி பலவீனமாக இருந்ததே காரணமா, ஏற்றிய ரத்தமே காரணமா என்பது இன்னும் முழுதாகப் பிரியவில்லை. எப்படியானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அறுவைக்கு முந்தைய வாரங்களிலேயே ரத்தசோகையைச் சரிசெய்வது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள். இரும்புச்சத்து ஊசி எந்த மயக்க மருந்து விவாதத்தையும்விட இவர்களுக்கு அவசரமானது.

நெசவாளர்களைப் பொறுத்தவரை வலி என்ற கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. குழித்தறியில் உட்கார்ந்து கால் மிதிக்க, கை நாளெல்லாம் நாடாவை ஓட்ட வேண்டும். மார்பக அறுவைக்குப் பின் தோள் இறுகிப்போனாலோ கை வீங்கினாலோ கூலி நின்றுவிடும். செஸ்லரின் ஆய்வில் கண்ணீர் வரவழைக்கும் ஓர் எண் இருக்கிறது. ஆறு மாதம் கழித்தும் புண் இருந்த இடத்தில் வலி இருப்பதாகச் சொன்னவர்கள் இரு பிரிவிலும் 52 விழுக்காடு. ஓராண்டு கழித்து ஏறத்தாழ 28 விழுக்காடு. நரம்புத் தடை ஊசி அதையும் குறைக்கவில்லை. பாதிப் பெண்கள் அரை ஆண்டு வலியோடு வாழ்கிறார்கள் என்பது எந்த ஊரிலும் பெரிய சேதி. கை உழைப்பை நம்பிய ஊரில் அது குடும்பத்தின் அடுப்பைத் தொடுகிற சேதி.

இங்கே அறுக்கும் முறைக்கு நிச்சயமான பங்கு உண்டு. அக்குளின் நிணநீர் முடிச்சுகளை முழுதும் வழித்தெடுத்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண்ணுக்குக் கை வீக்கம் வருகிறது. கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்று சேரும் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதித்து, அவற்றில் நோய் இல்லையென்றால் மற்றவற்றை விட்டுவைத்தால், அது ஏறக்குறைய இருபதில் ஒருவராகக் குறைகிறது. அதற்கான சாயமோ கதிரியக்கப் பொருளோ கிடைக்காத இடங்களுக்காக, அக்குளின் கீழ்ப்பகுதியை மட்டும் எடுத்துப் பார்க்கும் எளிய வழியை டாடா மெமோரியலின் வாணி பர்மார் குழு சோதித்து முன்வைத்தது. கட்டி சிறிதாக இருக்கும்போது வருபவருக்குத்தான் இந்தச் சலுகையெல்லாம். நெறி கட்டிப் பெரிதாகி வந்தால் முழுவதும் வழிக்க வேண்டியதுதான். ஆகஸ்ட் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்புப் பராமரிப்பும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மார்பக அறுவை முடிந்த நெசவாளப் பெண்ணின் தோளுக்கு முதல் வாரத்திலிருந்தே அந்தப் பயிற்சியைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி மும்பைக்கு வருகிறேன். டாடா மெமோரியல் மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே, அறுவை நடக்கும் அந்த நேரத்தில் உடல் எப்படி இருக்கிறது என்ற கேள்வியை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் துரத்தியவர். 1991-ல் லண்டனில் இருந்தபோது, மாதவிடாய்ச் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் அறுவை நடந்தது என்பதற்கும் பிழைப்புக்கும் தொடர்பு இருப்பதாக எழுதினார். மும்பை திரும்பி, அறுவைக்குச் சில நாள் முன் புரோஜெஸ்டிரோன் ஊசி போட்டு ஆயிரம் பெண்களிடம் சோதித்தார். 2011-ல் வந்த முடிவில் மொத்தத்தில் பலன் இல்லை. அக்குள் முடிச்சில் நோய் இருந்தவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. அடுத்து அவர் எடுத்தது லிக்னோகெய்ன். பல் பிடுங்கும்போது ஈறில் போடும் அதே மரப்பு மருந்து. 1943-ல் ஸ்வீடனில் உருவாக்கப்பட்டது. உலகின் எந்தச் சிற்றூர் மருத்துவமனையிலும் கிடைப்பது.

முறை மிக எளிது. கட்டியை எடுப்பதற்கு ஏழு முதல் பத்து நிமிடம் முன்பு, 0.5 விழுக்காடு லிக்னோகெய்னைக் கட்டியைச் சுற்றி ஆறு பக்கமும் செலுத்துவது. பிறகு வழக்கமான அறுவை, வழக்கமான கீமோ. இந்தியாவின் 11 மையங்களில் 1,600 பெண்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். 1,583 பேரின் முடிவு கணக்கில் எடுக்கப்பட்டது. ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் ஊசி பெற்ற பிரிவில் 90.1 விழுக்காடு, பெறாத பிரிவில் 86.4. நோயின்றி இருந்தவர்கள் 86.6, எதிரே 82.6. 2022-ல் பாரிஸ் மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, 2023-ல் அமெரிக்க மருத்துவப் புற்றியல் சங்கத்தின் இதழில் வெளியானது. நூறு பெண்களில் கிட்டத்தட்ட நான்கு பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள். இதே அளவு பலன் தரும் புதிய மருந்துகளின் விலை லட்சங்களில் இருக்கிறது.

இந்தப் பலன் எதிர்ப்பாற்றல் வழியாகத்தான் வருகிறது என்று சொல்ல முடியாது. புற்றணுக்களின் மேற்பரப்பில் சோடியம் செல்லும் வாயில்கள் உண்டு என்பதையும், அவை திறந்திருந்தால் அணுக்கள் ஊர்ந்து ஊடுருவும் என்பதையும் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் முஸ்தஃபா ஜாம்கோஸ் நெடுநாளாக ஆய்ந்துவருகிறார். லிக்னோகெய்ன் நரம்பை மரக்கச் செய்வது அதே வாயில்களை அடைத்துத்தான். கத்தி தொடும் முன்பே அணுக்கள் அசையாமல் கட்டிப்போடப்படுகின்றன என்பது பட்வேயின் விளக்கத்தில் முக்கிய இழை.

குறைகளும் உண்டு. ஊசி பெறாத பிரிவுக்கு வெறும் உப்பு நீர் ஊசி போடப்படவில்லை. ஆகவே யார் எந்தப் பிரிவு என்பது அறுவை மருத்துவருக்குத் தெரியும். உப்பு நீரைச் செலுத்தியிருந்தாலும் இதே பலன் வந்திருக்குமா என்ற கேள்விக்கு விடையில்லை. முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி அறுக்கும் நோயாளிகள் இதில் சேர்க்கப்படவில்லை. இன்று அப்படிச் சிகிச்சை பெறுவோர் ஏராளம். இந்த மருந்தை நெடுநாளாக அறிந்த மருத்துவர்கள்கூட, இவ்வளவு சாதாரண ஊசி உயிரைக் காக்குமா என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் இன்னொரு பக்கம் பார்த்தால், அளவோடு போட்டால் கேடு மிகக் குறைவு, செலவு சொற்பம். என்னைக் கேட்டால், அறுவைக்குச் செல்லும் பெண் “கட்டியைச் சுத்தி மரப்பூசி போடுவீங்களா டாக்டர்?” என்று கேட்கலாம். போடமாட்டோம் என்றால் அதற்காக அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது.

தள்ளிப்போடுவதன் விலையும் இப்போது அளக்கப்பட்டிருக்கிறது. 2020-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வின்படி, அறுவை நான்கு வாரம் தாமதமானால் இறப்பு அபாயம் 6 முதல் 8 விழுக்காடு கூடுகிறது. அடுத்த நான்கு வாரத்துக்கு இன்னும் அவ்வளவு. மேலே சொன்ன எந்த மயக்க முறைக்கும் எந்த வலி மருந்துக்கும் இவ்வளவு நிச்சயமான விளைவு காணப்படவில்லை. தீபாவளி கழியட்டும் என்று காத்திருக்கும் மூன்று மாதம், வாயுவா புரோப்போஃபாலா என்ற கேள்வியை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும்.

லிக்னோகெய்ன் கேள்விக்கு முடிவான விடை தேடத் தமிழ்நாட்டைவிடத் தகுந்த இடம் அதிகம் இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் இயங்குகிறது; சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை 1980-களிலிருந்து அதுவே பேணிவருகிறது. வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிறது. ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியே வேலூர் போனால் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி, தெற்கே போனால் திருவண்ணாமலையில் இன்னொன்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் மார்பக அறுவைகள் நாள்தோறும் நடக்கின்றன. ஒரு பிரிவுக்கு லிக்னோகெய்ன், இன்னொரு பிரிவுக்கு உப்பு நீர், எது எது என்று அறுப்பவருக்குத் தெரியாதபடி குப்பிகளில் எண் மட்டும். கீமோ முடித்து வருபவர்களையும் சேர்த்துக்கொண்டு ஐந்தாண்டு பின்தொடர வேண்டும். மருந்துக் கம்பெனி எதுவும் இதற்குப் பணம் கொடுக்காது, இந்த ஊசியில் அவர்களுக்கு லாபம் இல்லை. அரசுதான் கொடுக்க வேண்டும், கேட்க வேண்டிய தொகையும் பெரிதல்ல.